பழகாத கால்

மாரியூர் ரோட்டில் கார் குலுங்கி மறுபடியும் நின்றுபோனது.

"கிளட்ச்ச மெதுவா விடுன்னு எத்தன தடவ சொல்றது ஜோதி?"

காலையிலிருந்து மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்திருந்த வேல்ராஜுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"கால் பழக மாட்டேங்குதுங்க" என்றாள் நாகஜோதி.

"நான் சவுதிக்குப் போயிட்டா அய்யாவ ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போவா? நீ ஓட்டிப் பழகினாத்தான நான் நிம்மதியா கெளம்ப முடியும்? கம்பெனிக்காரன் வேற நச்சரிக்கிறான்."

அவள் வண்டியைக் கிளப்பினாள். அது துள்ளி நின்றது.

"ரெண்டு மாசமா இதே கததான்" என்று முனகிச் சாய்ந்தவன், அசதியில் அப்படியே உறங்கிப்போனான்.

கண் விழித்தபோது கார் சாயல்குடி கடைத்தெரு நெரிசலுக்குள் போய்க்கொண்டிருந்தது. நாகஜோதி பஸ்ஸுக்கு ஒதுங்கினாள், ஆட்டு மந்தைக்கு நின்றாள், கியரை மாற்றி மறுபடி எடுத்தாள். ஒரு குலுங்கல் இல்லை. அவன் தூக்கம் கலையக் கூடாதென்று வேகத்தடையில்கூடப் பையப் பைய ஏற்றி இறக்கினாள்.

எப்போதிருந்து இப்படி ஓட்டுகிறாள் என்று கேட்க வாயெடுத்த வேல்ராஜ், கேட்காமல் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏங்க, வீடு வந்திருச்சு." எழுப்பியவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அய்யா கேட்டார்: "என்னப்பா, மருமக காரோட்டக் கத்துக்கிருச்சா?"

"இல்லய்யா" என்றான் வேல்ராஜ். "அவளுக்கு இது வராது. சவுதிக்கு வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லிரப்போறேன்."

சாவியோடு வந்த நாகஜோதி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.