ஆமைகளைப் பார்க்கும் கண்ணாடி

பார்படாஸ் தீவுக் கடலில் ஆமைகளோடு நீந்தலாம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து தாரிகாவுக்கு வேறு பேச்சே இல்லை. மகளுக்காகக் கதிரவன் மூன்று நீச்சல் கண்ணாடிகள் வாங்கி வந்தான், மூக்கையும் சேர்த்து மூடுகிற பெரிய கண்ணாடிகள். பூரணி அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, இத மாட்டிக்கிட்டு நறுக்கு, கண்ணே எரியாது" என்று தாரிகா ஓடிவந்து அவள் முகத்தில் மாட்டிவிட்டாள். உண்மைதான், எரியவில்லை. கூடத்தில் அப்பாவும் மகளும் தரையில் குப்புறப் படுத்துக் கைகால் அடித்து நீந்தினார்கள். "அடுத்த வருஷமும் நாம மூணு பேரும் போலாம்ப்பா" என்றாள் தாரிகா. கதிரவன் நீந்துவதை நிறுத்தினான். தீவிலிருந்து திரும்பியதும் பிரிந்துவிடுவது, அதுவரை பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று அவனும் பூரணியும் பேசி முடித்திருந்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

வெங்காயம் தீர்ந்து, பாத்திரம் கழுவி முடித்த பிறகும் பூரணி கண்ணாடியைக் கழற்றவில்லை. தண்ணீர் குடிக்க வந்த தாரிகா அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, அம்மாவோடது லீக் ஆகுது! உள்ள தண்ணி நிக்குது பாருங்க. கடையில குடுத்து மாத்திட்டு வாங்க."

கதிரவன் எழுந்து வந்து பார்த்தான். பிறகு பூரணியின் பின்னால் போய் நின்று, கூந்தலை மெல்ல ஒதுக்கிவிட்டு, கண்ணாடியின் வாரைச் சற்று இறுக்கினான்.

"இப்ப சரியா இருக்கா?"

பூரணி தலையசைத்தாள். கண்ணாடிக்குள் தண்ணீர் தளும்பியது.