வை-ஃபையை நிறுத்தியவர்

வை-ஃபையை அணைத்தது வீரபாண்டிதான் என்று தெரிந்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

மத்தியானம் முழுக்க வானத்தில் வெடிச் சத்தம். ஊரில் டிவியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வீடு அழுதுகொண்டிருப்பார்கள். ஆறு மணி பஸ்ஸில் டூட்டி முடிந்து அறுபது பேர் வருவார்கள். பஸ் கேட்டுக்குள் நுழைந்ததுமே கேம்ப் வை-ஃபை கிடைத்து எல்லார் போனும் ஒன்றாகக் கத்தும். சொந்தமாக டேட்டா போடுகிறவன் எங்களில் பத்துப் பேர்கூட இல்லை. உயிரோடு இருக்கிறேன் என்று வீட்டுக்குச் சொல்ல அவர்களுக்கு வேறு வழி கிடையாது.

அதைப் போய் அணைத்திருக்கிறார்.

துபாயின் இந்த அல் கூஸ் லேபர் கேம்புக்கு பாஸ் நான். வீரபாண்டி செக்யூரிட்டி சூப்பர்வைசர். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ரிட்டயரானவர். சண்டை தொடங்கிய நாளிலிருந்து இங்கே இரண்டு அரசாங்கம். அவர் விசில் அடித்து எல்லாரையும் வெயிலில் நிறுத்தி எண்ணுவார். நான் சாப்பிடப் போங்கடா என்பேன். அவர் விளக்கை அணைக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினால் நான் அதன்மேலேயே மெஸ் நேரத்தை ஒட்டுவேன். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'சிவிலியன்' என்பார், முகத்துக்கு நேராகவே.

பையன்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பயந்து கிடப்பதற்குச் சிரிக்கட்டுமே என்று நானும் விட்டிருந்தேன்.

ஆனால் இது விளையாட்டில்லை. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று செக்யூரிட்டி ரூமுக்குள் புகுந்தேன்.

வை-ஃபை பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கத்தக் கத்தப் போனை மட்டும் நீட்டினார்.

யாரோ எடுத்துப் பரப்பிய வீடியோ. எங்கள் பையன்கள் வேலை செய்கிற ஒரு யார்டு. வானத்திலிருந்து விழுந்த ஏவுகணைத் துண்டு, புகை. பக்கத்திலிருந்து ஒரு பையனைத் தூக்குகிறார்கள். முகம் தெளிவாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை லீவு கேட்டு, கொடுக்கிறவரை என்னை விடாமல், சிரித்துக்கொண்டே காலையில் பஸ் ஏறிய ஆல்டோவின் முகம்.

"ஆஸ்பத்திரில பேசிட்டேன். உசுரு இல்ல. அவன் அண்ணன் ஜெயசீலன் ஆறு மணி பஸ்ல வர்றான். அவன் இத போன்ல பாத்துரக் கூடாதுண்ணே."

அண்ணே என்றார்.

அந்த மனிதரை எத்தனை திட்டியிருக்கிறேன் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது. அவர் முன்னால் அழ வெட்கமாகவும் இல்லை.

பஸ் வந்தது. இறங்கியவர்கள் போனைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். நெட்டை நிறுத்திய மடையன் யார் என்று தமிழிலும் இந்தியிலும் கேட்டார்கள். வீரபாண்டி எழுந்தார். தோளைப் பிடித்து அவரை உட்கார வைத்துவிட்டு நான் வெளியே போனேன்.

நிறுத்தச் சொன்னது நான்தான் என்றேன்.

அதுவரை என்னை ஒரு வார்த்தை சொல்லாத பையன்கள். அன்றைக்கு வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஜெயசீலன் மட்டும் ஏசவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். கெஞ்சுகிற மாதிரி மெதுவாகக் கேட்டான்.

"அண்ணே, எனக்கு மட்டும் ரெண்டு நிமிசம் நெட்டு தாருங்க. ஆல்டோ எங்கூடத்தான் இருக்கான்னு சொன்னாத்தான் அம்மை உறங்கும்."