கரண்டி படாத கோதுமை

"இதோ, மூணாவது வீட்டையும் முடிச்சிட்டு வரான் பாரு!" என்றாள் பக்கத்து வீட்டு டாங்கா, மிலெவாவின் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு.

வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. அந்த வெள்ளைக்குள் கறுப்பு கோட்டோடு ஸ்ரேத்தன் மிதந்து வருவதுபோல் வந்தார். கிழவி ஸ்தானாவின் வேலியோரம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நடக்கக்கூட முடியல. அவ்வளவு தின்னிருக்கான். நிக்கோலா நாள்னா இவனுக்குத்தான் கொண்டாட்டம். யாரும் கூப்பிட வேணாமே!"

அன்று யாரும் யாரையும் கூப்பிடுவதில்லைதான். புனித நிக்கோலா எந்தக் குடும்பத்துக்குக் காவலோ, அந்த வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கதவைத் தாழ் போடாமல் வைப்பார்கள். வருகிறவர்கள் வரலாம். ஊரில் பாதி வீடுகளுக்கு அவர்தான் காவல். மீதிப் பாதிதான் விருந்தாளி.

மிலெவா காலையிலிருந்து காத்திருக்கிறாள்.

மேஜைமேல் கோதுமை இருந்தது. வேகவைத்து அரைத்து, மேலே சர்க்கரைப் பொடி தூவி வழவழப்பாகத் தடவி வைத்தது. வருகிறவர் வாசலிலேயே ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். அந்த வெள்ளையில் இன்னும் ஒரு கரண்டிக் குழிகூட விழவில்லை. வெளியே வாசல் பனியில் டாங்காவின் காலடியைத் தவிர வேறு தடமும் இல்லை.

டாங்காவும் விருந்துக்கு வரவில்லை. அவள் வீட்டிலும் நிக்கோலாதான்.

"மிலெவா, நாலு நாற்காலி எடுத்துக்கட்டுமா? எங்க வீட்ல நிக்கக்கூட இடமில்ல. இங்க சும்மாதானே..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ. சாயங்காலம்தான் இங்க ஆளு வரும். அதுக்குள்ள குடுத்துடு."

காலையில் மகன் வியன்னாவிலிருந்து பேசியிருந்தான். "அப்பாவே போயாச்சு. யாரும்மா வரப் போறா? அடுத்த வருஷத்திலேருந்து விட்டுடு."

"ஒரு ஆளு வந்தாக்கூட விடமாட்டேன்டா. யாருமே வரலேன்னா நீ சொல்றபடி விட்டுடறேன்."

ஏன் அப்படிச் சொல்லித் தொலைத்தோம் என்று அப்போதிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது.

"அவன் போற வீட்டைக் கவனிச்சியா?" டாங்கா நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்தாள். "ஒண்டிக்கட்டை போஸ்ட்மேன், புருஷன் இல்லாத தையல்காரி, இப்போ ஸ்தானா. நாதியில்லாத வீடாப் பார்த்து நுழையறான். ஏன்டா இப்படி முழுங்கறேன்னு கேட்க ஆளில்லல்ல! பாவம் அந்தக் கிழவி, ரெண்டு மீன் பொரிச்சிருப்பா. ரெண்டும் போச்சு."

"நம்ம வீட்டுப் படியை மட்டும் மிதிச்சதில்ல," என்றாள் மிலெவா, தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி. "எங்க வீட்டுக்காரர்னா அவனுக்குப் பயம்."

டாங்கா போய்விட்டாள். அவள் காலடித் தடங்களையும் பனி மெல்ல மூடியது.

மிலெவா ஜன்னலோரம் சாய்ந்தாள். கண் சொருகியது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், இந்த வருஷம் போய்ச்சேர்ந்த கணவர் ரத்கோ தெரிந்தார். அவரோடு ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் மொத்தப் பேரும் தெரிந்தார்கள். ஒரே நாற்காலியில் ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாய் திறந்து பாடினார்கள். பாட்டு மட்டும் கேட்கவில்லை. பனி பெய்கிற மாதிரி சத்தமில்லாமல் பாடிக்கொண்டே இருந்தார்கள்.

யாரோ கதவைத் தட்டினார்கள். கனவில் யார் தட்டுவது?

மறுபடியும் தட்டல்.

கதவைத் திறந்தாள். மெழுகுவர்த்திச் சுடர் சாய்ந்து நிமிர்ந்தது. ஸ்ரேத்தன் தொப்பியைக் கழற்றிப் பனியை உதறிக்கொண்டு நின்றார்.

"நிக்கோலா துணையிருக்கட்டும், மிலெவா."

சிலுவைக் குறி போட்டுவிட்டு ஒரு கரண்டி கோதுமை எடுத்தார். வெள்ளையில் முதல் குழி விழுந்தது. அவர் மீசையில் ஏற்கெனவே வேறு வீட்டுச் சர்க்கரை ஒட்டியிருந்தது.

மீந்திருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தார். வீட்டுக்காரி அன்று உட்காரக் கூடாது. மிலெவா நின்றபடியே பரிமாறினாள். பீன்ஸ், ரொட்டி, பொரித்த மீன். அவர் மேடு ஏறுகிறவர்போல மூச்சு வாங்கிக்கொண்டு சாப்பிட்டார். இந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்வை. அவள் திரும்பியிருந்தபோது பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டதைக் கண்ணாடி அலமாரியில் பார்த்தாள்.

"இன்னொரு மீன் வைக்கட்டுமா?" குத்தலாகத்தான் கேட்டாள்.

அவர் மீனைப் பார்த்தார். இடுப்பு பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினார். தட்டை நீட்டினார்.

"வை தங்கச்சி. நல்லா இருக்கு."

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டில் சிரிப்புச் சத்தம். மிலெவாவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"உங்களை ஒண்ணு கேக்கணும் அண்ணே. ஒவ்வொரு நிக்கோலா நாளும் நாலு வீட்டுக்குப் போவீங்க, இங்க மட்டும் எட்டிப் பார்க்க மாட்டீங்க. அவர் இருந்தவரைக்கும் பயம். இப்போ கேட்க ஆளில்லேன்னுதானே வந்தீங்க?"

ஸ்ரேத்தன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தார். காலி நாற்காலியைப் பார்த்தார்.

"பயமா? அதெல்லாம் இல்ல தங்கச்சி. ரத்கோ இருந்தவரைக்கும் இங்கதான் எப்பவும் வீடு நிறைய ஆளு இருந்துதே."