ஆறிய ஈயம்

“அக்கா, உங்க குண்டு ஒண்ணுகூடக் குறிக்குப் போகமாட்டேங்குது. பன்னிக்கு வச்சா மரத்துல படுது,” என்றான் தவமணி.

தாகேதா பேட்டையில் மீன்வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் பாக்கியம் நிமிரவில்லை. “வெடிமருந்து நமத்துப் போயிருக்கும் தம்பி.”

மருந்தில் குறையில்லை. அவன் கேட்ட நாட்டுத் துப்பாக்கிக் குண்டுகளுக்கு மட்டும் ஈயத்தை ஆறவிட்டுத்தான் அச்சில் ஊற்றினாள். உள்ளே குமிழ் விழுந்த குண்டு நேராகப் போகாது. பன்றி வேட்டையாம்! பட்டாளத்தானைச் சுடத்தான் என்று அவளுக்கா தெரியாது? பட்டாளத்துக்குக் கட்டாயமாக இழுத்துச் செல்லப்பட்ட அவள் மகன் குணாளனும் தவமணி போய்வரும் மலைப்பக்கம்தான் இருந்தான்.

“நிஜமா வேட்டைக்குத்தான்க்கா.” தவமணியின் குரல் உடைந்தது. “பட்டாளத்த விட்டு ஓடியாந்து காட்டுல ஒளிஞ்சிருக்கிற பசங்க. பன்னி விழுந்தாத்தான் அவங்களுக்குச் சாப்பாடு. போன வாரம் குண்டு விலகிப் போச்சு. பன்னி திரும்பி, சுட்டவன் வயித்தையே கிழிச்சிருச்சு.”

பாக்கியம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“‘பட்டாளத்துக்காரங்க வீட்டுக்கு விசாரிக்க வருவாங்க, அம்மாகிட்டகூடச் சொல்லாதே’ன்னு அந்தச் சுட்டவன்தான் சொல்லியிருந்தான். அதான் மறைச்சேன். ‘எங்கம்மாகிட்டயே வாங்கு, அவங்க வார்ப்புல குத்தமே இருக்காது’ன்னு என்னை இங்க அனுப்பினதே அவன்தான்க்கா.”