எழுபத்திரண்டாயிரம் பேரின் மௌனம்

அரங்கம் சட்டென்று அடங்கிப்போனது.

வெர்லீனின் கரண்டியிலிருந்து உருகிய சீஸ் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

நான்கு வருடமாக இந்தத் தின்பண்டக் கடைக்குள் நிற்கிறாள். அவளுடைய சர்ச்சிலிருந்து பன்னிரண்டு பேர் வருவார்கள். கூலி சர்ச்சுக்குப் போகும், கால்வலி மட்டும் அவரவருக்கு. அமெரிக்கக் கால்பந்து நடக்கும் மைதானம் இங்கிருந்து தெரியாது. வரிசையில் நிற்பவர்களுக்காக ஒரு டிவி தொங்குகிறது. கடைக்குள் இருப்பவர்களுக்கு அதன் முதுகுதான் தரிசனம்.

ஆனால் காது பழகிவிட்டது. வலப்பக்கம் இரைந்தால் பச்சைக்காரர்கள். இடப்பக்கம் இரைந்தால் ஆரஞ்சுக்காரர்கள். நடுவர் கொடியை வீசினால் பாதி அரங்கம் ஊளையிடும்.

இரண்டு பக்கமும் சேர்ந்து வாயை மூடினால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. யாரோ விழுந்துகிடக்கிறான். எழுந்திருக்கவில்லை.

"யாருங்க அது?" என்று கவுண்டருக்கு மேலே எட்டிக் கேட்டாள்.

முகமெல்லாம் பச்சைச் சாயம் பூசிய ஒரு பெரியவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "பயப்படாதீங்கம்மா, நம்ம ஆளு இல்ல. அவங்க இருபத்திநாலாம் நம்பர். தலைகுப்புற விழுந்தான் பாவம், கழுத்துல அடியோ என்னவோ."

சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். எதிரியானாலும் அந்த மரியாதை இங்கே உண்டு.

வெர்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

காலையிலிருந்து அவளுக்கு அந்த ஒரு எண்தான். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிறவன். போன வருடம் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்தார்கள் என்று பத்திரிகையில் படித்தாள். அன்று அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

அவன் படிக்கும் கல்லூரி வேறு மாநிலத்தில், ஒன்பது மணி நேரப் பயணம். அவர்கள் அணி இந்த இறுதிப் போட்டிக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இந்த முறை வந்துவிட்டது. ஊருக்கு ஊர் கதவைப் பூட்டிக்கொண்டு ஆரஞ்சுச் சட்டையோடு அட்லாண்டாவுக்குக் கிளம்பி வந்துவிட்டார்கள். டிக்கெட் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோயிற்று. வெர்லீன் இன்னொருத்தியின் முறையைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

சற்று முன்புதான் அறிவித்தார்கள். இன்றைய கூட்டம் எழுபத்திரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம், இதுவரை வராத கூட்டம். கடைக்குள் நிற்பவர்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. அவன் ஓடுகிற கூரைக்குக் கீழே தானும் இருந்தால் போதும் என்றுதான் வந்தாள்.

"உன் ஆளா?" என்று உருளைக்கிழங்கைக் கொட்டிக்கொண்டே ஓபல் கேட்டாள். அதே சர்ச், அதே பாடகர் குழு. "ஊரே பச்சைக்குக் கத்துது, உனக்கு மட்டும் அந்த ஊருப் பையன் மேல என்னடி இவ்ளோ பாசம்?"

வெர்லீன் ஏப்ரனை அவிழ்க்கப் போனாள்.

"ஏய், எங்க போற? ஆட்டம் முடியாம கடைய விட்டு நகர்ந்தா அடுத்த தடவ நம்ம யாரையும் உள்ள விட மாட்டாங்க. போயி என்ன பண்ணப் போற, டாக்டரா நீ?"

அதுவும் சரிதான். போய் யாரிடம் என்னவென்று சொல்வது?

அப்போது இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒருவன் ஆரஞ்சு அணியின் ஆள், கையில் வாக்கி டாக்கி. அவனுக்கு இந்தக் கட்டடம் புதிது, திசை தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண்மணி. அவள் சட்டையில் இருபத்திநாலு. நெஞ்சில் தட்டு அகலத்துக்கு ஒரு புகைப்பட பேட்ஜ், அதில் ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மைதானத்துக்கு இறங்குற வழி எது? சீக்கிரம் சொல்லுங்க, இவங்கதான் அவனோட அம்மா" என்றான் அந்த ஆள்.

ஓபலுக்குத் தெரியாது. வெர்லீனுக்குத் தெரியும். எந்த வழியாக அவன் உள்ளே வருவான் என்று ஆட்டத்துக்கு முன் மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"நேராப் போங்க. ரெண்டாவது லிஃப்டை விட்டுட்டு இடது பக்கம். சாம்பல் கதவு, படி இறங்கினா சுரங்கப் பாதை."

உள்ளே கைதட்டல் எழுந்தது. இரண்டு பக்கமும் ஒன்றாக, நெடுநேரம்.

அந்தப் பெண்மணி கவுண்டருக்கு மேல் கையை நீட்டி வெர்லீனின் மணிக்கட்டைப் பிடித்தாள். "எந்திரிச்சிட்டானா? அதுக்குத்தான கை தட்டுறாங்க?"

எழுந்து நடந்தாலும் இதே கைதட்டல்தான். ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாலும் இதே கைதட்டல்தான். இதை மட்டும் எந்தக் காதாலும் பிரித்தறிய முடியாது.

"எந்திரிச்சிருப்பான்" என்றாள் வெர்லீன். "போங்க, உங்களைத்தான் தேடுவான்."

அந்தப் பெண்மணி இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"என் பையனுக்காக ஜெபம் பண்ணுங்கம்மா. கேலப்னு பேரு."

வெர்லீன் தலையாட்டினாள்.

இருபத்தொரு வருடமாக ஒரு நாள் விடாமல் அவனுக்காக ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் அவனைப் பெற்று, கொடுத்துவிடுவதற்கு முன்பு அந்த இரண்டு நாள் மடியில் வைத்துக்கொண்டு அவள் கூப்பிட்ட பெயர் வேறு.