சத்தம் வரலங்க

கொடைக்கானல் கோயிலில் அடக்கப் பூசை. யூடியூப் லைவ் என் பொறுப்பு. வேறு ஆளை வைக்கலாம் என்றார்கள், நான்தான் கேட்கவில்லை. ஃபாதரின் மைக்கை என் ஹெட்போனுக்குத் திருப்பிவிட்டு, லைவுக்குத் திருப்ப மறந்துவிட்டேன். எனக்குக் கணீரென்று கேட்டது. வெளிநாட்டில் பார்த்தவர்களுக்கு ஃபாதர் வெறுமனே வாயசைத்தார்.

சிக்னல் போனால் பனிமூட்டத்தைச் சொல்லித் தப்பிக்கலாம். இது முழுக்க என் கைங்கரியம்.

பூசை முடிந்ததும் ஃபாதரிடம் போய்ச் சொன்னேன்.

"அதனால என்னப்பா," என்று தோளைத் தொட்டார்.

லைவ் பார்த்த சிங்கப்பூர் உறவினருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

"அத விடுங்க. காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

கல்யாண வீடாக இருந்தால் தோலை உரித்திருப்பார்கள். யாராவது திட்டினால் தேவலை போலிருந்தது. சவுண்ட் மிக்சருக்கே திரும்பி வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

என் லைவில் சத்தம் போனால் வீட்டிலிருந்து முதல் போன் என் மனைவி அமலியுடையதுதான். "சத்தம் வரலங்க. ஹெட்போனக் கழத்திட்டுப் பாருங்க," என்பாள்.

கேமராமேன் இத்ரீஸ் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"ஏலே, இம்புட்டு நேரம் சத்தமே போகல. அமலி ஏன்டா போன் பண்ணல?"

"எனக்குத் தெரியாதுண்ணே."

"வெரசா பண்ணிருவாளேடா!"

இத்ரீஸ் கேபிளைக் கீழே வைத்தான்.

"மதினிதாண்ணே அந்தப் பெட்டிக்குள்ள இருக்காங்க. ஹெட்போனக் கழத்திட்டு வாங்க. தூக்கப் போறாங்க."