கேசரிக்கு நாலு மார்க்கு

இந்த வருடம் மார்க்கோடு காரணத்தையும் எழுதி ஒட்ட வேண்டும் என்று உத்தரவு. மனையியல் செய்முறைத் தேர்வுக்குக் காரைக்காலிலிருந்து பஸ்ஸேறி வந்த தேர்வாளர் இளையபெருமாள், எட்டு மாணவிகளின் கேசரியையும் ருசித்து, மார்க்குப் பட்டியலை அப்படியே எழுதிச் சுவரில் ஒட்டினார்.

மனையியல் டீச்சர் கமர் நிஷா பாய்ந்து வந்தார்.

"மஹ்பூபாவுக்குப் பத்துக்கு ஒன்பது. அல்லிக்கு ஏன் சார் நாலு?"

"படிச்சுப் பாருங்க. அல்லியோடது அடிபிடிச்ச வாடை. மஹ்பூபாவோடது நெய் மணக்குது."

"அல்லியோடதும் அதே நெய்தான்!"

"ஒரு பிள்ளைக்காக இப்படிப் பரிஞ்சுக்கிட்டு வரலாமா டீச்சர்?"

"பிள்ளைக்காக யாரு வந்தா? ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் கிடைக்கல. எட்டுத் தட்டுக்கும் எங்க வீட்டுல ஒரே சட்டியில நான்தான் கிண்டிக் கொண்டாந்தேன்!"

இளையபெருமாள் பேனாவைத் திறந்து, பட்டியலின் அடியில் எழுதினார்:

'கமர் நிஷா: ஆறரை. காரணம்: சமையல் ஒரே சீராக இல்லை.'